எண்ணெய் வேறு, புள்ளி வேறு: ஐம்பதைத் தாண்டிய கடற்கரை முகங்களுக்கு

மதினிக்கு 54 வயது. பாம்பனில் கருவாட்டு வியாபாரம். போன தை மாதம் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது கண்ணாடி முன்னால் நின்று, முந்தானையால் நெற்றியை ஒற்றிக்கொண்டே கேட்டார்: "ஏம்மா, நீ மருந்துக்கடையில நிக்கிறவதானே. பேரன் எடுத்த பிறகும் மூஞ்சி எண்ணெயா வழியுது. வழிஞ்சு வழிஞ்சு கன்னத்துல கறையே பிடிச்சுப்போச்சு. எதைப் போட்டுத் தேய்ச்சா போகும்?"

இருபது வருடமாக இதே கேள்வியைக் கடையில் பல குரல்களில் கேட்டிருக்கிறேன். இதில் இரண்டு பிழைகள் ஒளிந்திருக்கின்றன. எண்ணெய் வழிந்துதான் புள்ளி விழுகிறது என்பது ஒன்று. புள்ளி என்பது கறை, தேய்த்தால் போய்விடும் என்பது இன்னொன்று. நான் பார்த்தவரை, எண்ணெயும் புள்ளியும் கெடுத்த முகங்களைவிட இந்த இரண்டு நம்பிக்கைகள் கெடுத்த முகங்கள்தான் அதிகம்.

மதினியிடம் ரவிக்கைக் கையைக் கொஞ்சம் மேலே ஏற்றி, அக்குளை ஒட்டிய உள்கைத் தோலைப் பார்க்கச் சொன்னேன். அங்கே தோல் வழுவழுவென்று ஒரே நிறமாக இருந்தது. அப்புறம் அதே கையின் புறங்கையைத் திருப்பிப் பார்த்தார். சுருக்கம், திட்டுத் திட்டாகக் கறுப்பு, ஆங்காங்கே பொட்டுப் பொட்டாகப் புள்ளி. இரண்டு இடத்துக்கும் வயது 54தான். ஒன்று வெயில் பார்த்த தோல், மற்றது பார்க்காத தோல். புறங்கையில் எண்ணெய்ச் சுரப்பிகள் மிகக் குறைவு என்பதையும் சேர்த்து யோசித்தால், எண்ணெய் வழிந்து புள்ளி விழவில்லை என்பது அங்கேயே தெரிந்துவிடும். நீங்களும் இப்போதே பார்த்துவிட்டு மேலே படிக்கலாம்.

எண்ணெய் எங்கிருந்து வருகிறது

தோலில் ஒவ்வொரு முடிக்காலையும் ஒட்டி ஒரு சின்ன எண்ணெய்ச் சுரப்பி தொங்குகிறது. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் மட்டும் அது கிடையாது. நெற்றி, மூக்கு, கன்னம், மோவாய், நெஞ்சு, முதுகின் மேல்பகுதி ஆகிய இடங்களில்தான் கூட்டம் அதிகம். சுரப்பிக்குள் இருக்கும் செல்கள் தங்களுக்குள்ளேயே கொழுப்பை நிரப்பிக்கொண்டு, கடைசியில் வெடித்துத் தாங்களே எண்ணெயாகிவிடுகின்றன. அது முடித்துளை வழியாக மேலே ஏறி முகத்தில் பரவுகிறது. தோலின் மேல்பரப்பு காய்ந்து வெடிக்காமல் பார்த்துக்கொள்வது அதன் வேலைகளில் ஒன்று. ஆகவே எண்ணெய் வருவது அழுக்கும் அல்ல, நோயும் அல்ல.

சுரப்பியை முடுக்கிவிடுவது ஆண் ஹார்மோன்கள். அவை பெண் உடம்பிலும் கொஞ்சம் உண்டு. பருவ வயதில் அவை ஏறும்போது முகம் பளபளக்கத் தொடங்குகிறது. மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு எண்ணெய் மெல்ல மெல்லக் குறைகிறது. ஆனால் ஒரே நாளில் நின்றுவிடாது. இடைப்பட்ட வருடங்களில் பெண் ஹார்மோன் வேகமாக இறங்க, ஆண் ஹார்மோனின் கை கொஞ்சம் ஓங்கி நிற்கும். மோவாயில் இரண்டு முடி முளைப்பதும், 48 வயதில் திரும்பப் பரு வருவதும் அதனால்தான். ஆண்களுக்கோ எழுபதுகள் வரைகூட எண்ணெய் பெரிதாகக் குறைவதில்லை. எங்கள் பெரியப்பாவின் வழுக்கை கடைசிவரை மின்னியதற்குக் காரணம் அவர் தேய்த்த நல்லெண்ணெய் மட்டும் அல்ல.

வயதாக ஆக எண்ணெயின் அளவு குறைந்தாலும் சுரப்பியின் அளவு பெருக்கலாம். நெற்றியிலும் கன்னத்திலும் வெளிர்மஞ்சளாக, நடுவில் சிறு குழியோடு, கடுகு அளவில் மொட்டுகள் வந்தால் அவை பெரும்பாலும் பெருத்த எண்ணெய்ச் சுரப்பிகள். பரு என்று நினைத்துக் கிள்ளாதீர்கள், உள்ளே எடுப்பதற்கு ஒன்றும் இல்லை. முகத்துளைகள் அகலமாகத் தெரிவதற்கு எண்ணெய் பாதிக் காரணம். துளையைச் சுற்றித் தாங்கிப் பிடித்திருந்த புரதம் தளர்ந்துபோனது மறுபாதி. பனையோலைக் கொட்டான் பழசானால் பின்னல் நெகிழ்ந்து இடைவெளி தெரிகிறதே, அது மாதிரி.

கடற்கரைக்காரர்களுக்கு மட்டும் ஒரு தனிச் சந்தேகம் வர வேண்டும். முகம் பிசுபிசுப்பதெல்லாம் எண்ணெய்தானா? மண்டபத்திலிருந்து அரிச்சல்முனை வரை காற்றிலேயே உப்பு இருக்கிறது. அது முகத்தில் படிகிறது, வியர்வை காய்ந்தால் இன்னும் கொஞ்சம் உப்பு சேர்கிறது. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாப்பாட்டு உப்பு தானாக நீரை உறிஞ்சிக் கரையும். அடுப்படியில் உப்புச் சாடி கசிகிறதே, அதே கதைதான் முகத்திலும் நடக்கிறது. அதை எண்ணெய் என்று நினைத்துக்கொண்டு ஒரு நாளைக்கு ஐந்து தடவை சோப்புப் போடுகிறவர்கள் உண்டு.

பிரித்துப் பார்ப்பது எளிது. முகத்தைக் கழுவித் துடைத்துவிட்டு, எதுவும் பூசாமல், வீட்டுக்குள் ஃபேனுக்கு அடியில் ஒரு மணி நேரம் இருங்கள். அப்புறம் ஒரு டிஷ்யூ பேப்பரை நெற்றி, மூக்கு, கன்னத்தில் தனித்தனியாக ஒற்றி வெளிச்சத்தில் பாருங்கள். எண்ணெய் பட்ட இடம் பஜ்ஜி வைத்த காகிதம் போல ஊடுருவித் தெரியும், காயவும் காயாது. வியர்வை ஈரம் சற்று நேரத்தில் உலர்ந்துவிடும். ஐம்பது தாண்டிய பலருக்கு நெற்றியும் மூக்கும் மட்டும் எண்ணெயாக இருக்கும், கன்னம் வறண்டு கிடக்கும். மதினிக்கும் அப்படித்தான். கன்னத்தில் வைத்த காகிதம் வெறுமனே வந்தது. அந்த வறண்ட கன்னத்தைத்தான் அவர் தினமும் தேங்காய் நாரால் தேய்த்திருக்கிறார்.

உப்புத் தண்ணீரும் சோப்பும்

ராமநாதபுரம் மாவட்டத்துக் கிணற்றுத் தண்ணீரைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. குடிக்க ஊற்றுத் தண்ணீர், குளிக்க உப்புத் தண்ணீர் என்று வளர்ந்தவர்கள் நாம். கடினத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. தண்ணீரில் இருக்கும் கால்சியம், மக்னீசியத்தோடு சோப்பு கூடி, கரையாத வெள்ளைப் பிசுக்காக மாறுகிறது. வாளியின் விளிம்பில் படிந்திருப்பது அதுதான். அதே பிசுக்கு முகத்திலும் தங்குகிறது. துளைகளை அடைத்து, தோலை எரிச்சலாக்கி, "கழுவியும் பிசுபிசுப்பு போகலையே" என்று இன்னொரு தடவை சோப்பை எடுக்க வைக்கிறது. மேலும் நம் தோலின் மேற்பரப்பு லேசான புளிப்புத் தன்மை கொண்டது. கட்டிச் சோப்பு காரம். வயதான தோல் அந்தக் காரத்திலிருந்து மீண்டு வர நேரம் எடுத்துக்கொள்ளும்.

சோப்பு இல்லாத ஃபேஸ்வாஷ் என்று ஒரு வகை இருக்கிறது. அவை கடினத் தண்ணீரிலும் பிசுக்கு வைக்காது. காலையில் ஒரு தடவை, வெயிலில் இருந்து திரும்பியதும் ஒரு தடவை போதும். நடுவில் பிசுபிசுத்தால் வெறும் நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவி, துண்டால் ஒற்றுங்கள். காவிரிக் கூட்டுக் குடிநீர் வரும் வீடுகளில் கடைசியாக முகத்தில் ஒரு சொம்பு அந்தத் தண்ணீரை ஊற்றினால் போதும், ஒரு குடம் வீணாக்க வேண்டியதில்லை.

"அடிக்கடி கழுவினால் சுரப்பி பயந்துபோய் இன்னும் அதிகமாகச் சுரக்கும்" என்று எங்கும் சொல்கிறார்கள். நீங்கள் கழுவினீர்களா இல்லையா என்பது சுரப்பிக்குத் தெரியாது. ஹார்மோன் சொல்வதைக் கேட்டு அது தன் போக்கில் சுரந்துகொண்டிருக்கும். அதிகம் கழுவுவதில் உள்ள கெடுதல் வேறு. மேல்தோல் வறண்டு, அரித்து, சிவந்து, நம் நிறத்துத் தோலில் கடைசியில் அது கறுப்பாக முடியும். அதைப் பற்றி கீழே வருகிறேன்.

பச்சைப்பயறு மாவு? போடலாம். நைசாக அரைத்துச் சலித்து, குழைத்து, தேய்க்காமல் பூசிக் கழுவுங்கள். மில்லில் கரகரப்பாக அரைத்ததை வைத்து அழுத்தித் தேய்த்தால் அது பாத்திரம் துலக்குகிற வேலை. தேங்காய் எண்ணெயைத் தலைக்கும் கை காலுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் வழியும் நெற்றிக்கு அது வேண்டாம், பலருக்குத் துளையை அடைக்கும். எண்ணெய் முகத்துக்கு மாய்ஸ்சரைசர் தேவையே இல்லை என்பதும் சரியில்லை. எண்ணெய் வேறு, ஈரம் வேறு. தண்ணீராக, ஜெல்லாக இருக்கும் லேசான ஒன்றைக் கன்னத்துக்காவது போடுங்கள்.

எண்ணெயின் அளவை ஓரளவு கட்டுக்குள் வைக்க இரண்டு பொருள்களை நம்பலாம். ஒன்று சாலிசிலிக் அமிலம், 0.5 முதல் 2 சதவீதம் வரை. எண்ணெயில் கரையும் தன்மை இருப்பதால் துளைக்குள் இறங்கி அடைப்பை இளக்கும். மற்றது நியாசினமைடு. பி வைட்டமின் வகையைச் சேர்ந்த இது எண்ணெயையும் கொஞ்சம் குறைக்கும், நிறத் திட்டையும் கொஞ்சம் மட்டுப்படுத்தும். இரண்டு வேலையும் ஓரளவு செய்வதால், ஒன்றே ஒன்று வாங்கத்தான் காசு இருக்கிறது என்பவர்களுக்கு நான் எடுத்துக் கொடுப்பது இதைத்தான்.

புள்ளி என்பது குடை

மேல்தோலின் அடி வரிசையில் நிறச் செல்கள் உட்கார்ந்திருக்கின்றன. முகத்தில் மேல்தோல் மொத்தமே ஒரு தாளின் கனம்தான். ஒவ்வொரு நிறச் செல்லும் தன்னைச் சுற்றியுள்ள முப்பதுக்கும் மேற்பட்ட தோல் செல்களுக்கு மெலனின் என்னும் கறுப்புப் பொடியைக் கை நீட்டிக் கொடுக்கிறது. வாங்கிக்கொண்ட செல் அந்தப் பொடியைத் தன் கருவுக்கு மேலே குடை மாதிரிப் பிடித்துக்கொள்கிறது. வெயிலின் புற ஊதாக் கதிர் உள்ளிருக்கும் மரபணுவைத் தாக்காமல் இருக்கத்தான் அந்தக் குடை. வெள்ளைத் தோலுக்கும் கறுப்புத் தோலுக்கும் நிறச் செல்களின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றே. கொடுக்கிற பொடியின் அளவும் வகையும்தான் வித்தியாசம்.

பல வருடம் வெயில் பட்ட இடத்தில் சில நிறச் செல்கள் நிறுத்தத் தெரியாமல் பொடியைக் கொட்டிக்கொண்டே இருக்கும். அதுதான் வெயில் புள்ளி. வயதோடு வருவதால் வயசுப் புள்ளி என்கிறோம். தட்டையாக, விளிம்பு தெளிவாக, மிளகு அளவிலிருந்து காசு அளவு வரை இருக்கும். சில ஊர்களில் இதைக் கல்லீரல் புள்ளி என்றும் சொல்வார்கள், கல்லீரலுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். வயசுப் புள்ளி என்று போனில் தேடினால் வரும் படங்கள் பெரும்பாலும் வெள்ளைக்காரர் முகங்கள். அந்த மாதிரிச் சுத்தமான வெயில் புள்ளி நம் நிறத்தவர்களுக்குக் குறைவு. நம்மிடம் அந்தப் பெயரில் உலவுபவை வேறு பல.

முதலில் மங்கு. இரண்டு கன்னத்திலும் ஒரே மாதிரி, நெற்றியில், மேலுதட்டில் வரைபடம் போல விரியும் பழுப்புத் திட்டு. கர்ப்ப காலத்தில், கருத்தடை மாத்திரை காலத்தில் தொடங்கும். வெயில் ஏற ஏறக் கறுக்கும், வாடைக் காற்றுக் காலத்தில் கொஞ்சம் மங்கும். மதினியின் "கறை" இதுதான். இரண்டு பிள்ளை பெற்றபோது வந்து, அப்புறம் போகாமல் தங்கியது. அவருக்கே அது நினைவிருந்தது. ஆனாலும் குற்றம் எண்ணெய் மேல்தான் விழுந்திருந்தது.

அடுத்தது, கன்ன மேட்டிலும் கண்ணைச் சுற்றியும் கறுப்பாகக் கடுகு தூவியதுபோல் எழும்பி நிற்கும் சின்னச் சின்ன மொட்டுகள். குடும்ப வழியாக வருவது. அம்மாவுக்கு இருந்தால் மகளுக்கும் வர நிறைய வாய்ப்பு. மரு என்போம், ஆனால் கிருமியால் வரும் மரு இல்லை, தொட்டால் ஒட்டாது, உடம்புக்குக் கெடுதலும் இல்லை. இதற்குச் சுண்ணாம்பு வைத்துச் சுடுகிறவர்களை இன்றும் பார்க்கிறேன். மொட்டு போகும், ஆயுசுக்கும் தழும்பு நிற்கும். கோயில் குளத்தில் உப்பும் வெல்லமும் கரைக்கிற நேர்த்திக்கடன் அதைவிட எவ்வளவோ மேல், தோலையாவது சுடாது. எடுத்தே ஆக வேண்டும் என்றால் தோல் டாக்டர் மின்சூட்டு ஊசியால் நிதானமாக எடுத்துவிடுவார்.

மூன்றாவது வகைதான் நம் தோலின் பெரிய பலவீனம். பரு, கொசுக்கடி, சூட்டுக்காயம், அரிப்பு, அழுத்தித் தேய்த்தது, எது நடந்தாலும் ஆறிய இடம் கறுத்துவிடும். தோலுக்கு ஒரு எரிச்சல் வந்தால் நிறச் செல் குடையை விரித்துவிடுகிறது. புள்ளியைத் தேய்த்துப் போக்க நினைப்பவர் தேய்க்கத் தேய்க்கப் புள்ளியை வளர்ப்பது இப்படித்தான். மதினியின் தேங்காய் நார் மங்கின் மேல் இன்னொரு கறுப்பைப் பூசியிருந்தது.

இன்னும் சில. கழுத்துப் பின்புறமும் அக்குளும் வெல்வெட் துணி போலத் தடித்துக் கறுத்தால் அதை அழுக்கு என்று தேய்க்காமல் சர்க்கரை அளவைப் பாருங்கள். உடலில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்கான அடையாளம் அது. தேமல் என்பது எண்ணெய்த் தோலில் எப்போதும் குடியிருக்கும் ஒரு பூஞ்சை, புழுக்கத்தில் பெருகுவதால் வருவது. அதற்கு மருந்து பூஞ்சைக் களிம்பு, வெளுப்பு க்ரீம் இல்லை. நெற்றி நடுவில் பொட்டு வைக்கும் இடம் மட்டும் வெளுத்தால் ஸ்டிக்கர் பொட்டின் பசையைச் சந்தேகப்படுங்கள். நெற்றியோரம், காதோரம் சாம்பல் கலந்த கறுப்பாகப் படர்ந்தால் தலைச்சாயத்தை. இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் சில நீர் மாத்திரைகள் வெயில் தாங்கும் சக்தியைக் குறைக்கும். அதற்காக மாத்திரையை நீங்களே நிறுத்திவிடாதீர்கள், டாக்டரிடம் கேளுங்கள்.

இந்தக் கரையின் வெயில்

ராமேஸ்வரம் இருப்பது ஏறக்குறைய 9.3 பாகை வட அட்சரேகையில். சூரியன் வருடத்தில் இரண்டு தடவை நம் உச்சந்தலைக்கு நேர் மேலே வருகிறது. ஒன்று சித்திரை பிறக்கும் நாட்களை ஒட்டி, இன்னொன்று ஆகஸ்ட் கடைசியில். ஏப்ரல் 15 அன்று விசைப்படகுகளுக்கு 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் தொடங்குகிறது. கடலுக்குப் போகாத நாட்களில் ஆண்கள் கரையில் படகுக்கு வர்ணம் அடிப்பதும் வலை கட்டுவதும் சரியாக அந்த வெயிலில்தான்.

மேலிருந்து வருவது மட்டும் கணக்கில்லை. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்குப்படி, உலர்ந்த கடற்கரை மணல் புற ஊதாக் கதிரில் சுமார் 15 சதவீதத்தையும், கடல் நுரை சுமார் 25 சதவீதத்தையும் திருப்பி அடிக்கின்றன. தண்ணீருக்குள் அரை மீட்டர் ஆழத்திலும் மேற்பரப்பில் இருப்பதில் 40 சதவீதம் வந்து சேர்கிறது. லேசான மேகத்தை 90 சதவீதத்துக்கு மேல் ஊடுருவும். தொப்பி போட்டிருந்தாலும் மோவாய்க்கு அடியில் கறுப்பது எப்படி என்று கேட்கிறவர்களுக்கு, தனுஷ்கோடி மணலைக் கேளுங்கள் என்பேன். காற்று குளிர்ச்சியாக இருப்பதால் வெயில் இல்லை என்று நினைப்பது நம் கரையின் பழைய ஏமாற்று. சூடு தெரியும், புற ஊதாக் கதிர் தெரியாது.

கடிகாரம் வேண்டாம், நிழலைப் பாருங்கள். உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருக்கும் நேரமெல்லாம் கதிர் கடுமையான நேரம். சித்திரையில் நம் ஊரில் அது காலை ஒன்பதே காலில் தொடங்கி மாலை மூன்றே கால் வரை நீளும். கருவாடு பரப்புவதும் புரட்டுவதும் அதற்கு முன்னும் பின்னும் முடிந்தால் நல்லது. முடியாதபோது துணி. பாம்பன் பக்கம் கடல்பாசி எடுக்கப் போகும் பெண்கள் சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை போட்டு, தலையையும் முகத்தையும் துணியால் சுற்றிக் கட்டிக்கொண்டு இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். எந்த டியூபும் அந்தச் சட்டைக்குப் பக்கத்தில் வர முடியாது. நெருக்கமாக நெய்த துணி, அடர் நிறம், அகல விளிம்புத் தொப்பி அல்லது பனையோலைத் தொப்பி. இதற்கெல்லாம் பிறகுதான் சன்ஸ்கிரீன்.

அதை வாங்கும்போது எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேல் என்று பாருங்கள். 30 என்பது தோலைச் சுட்டுச் சிவக்க வைக்கும் கதிரில் சுமார் 97 சதவீதத்தையும், 50 சுமார் 98 சதவீதத்தையும் தடுக்கும். அந்த ஒரு சதவீதத்துக்காக இரண்டு மடங்கு விலை கொடுக்க வேண்டாம். தோலைக் கறுக்க வைப்பதில் பங்குள்ள மற்றொரு வகைப் புற ஊதாக் கதிருக்கு, டப்பாவில் பி.ஏ. என்ற எழுத்துக்குப் பக்கத்தில் மூன்று நான்கு கூட்டல் குறி இருக்கிறதா பாருங்கள். எண்ணெய் முகத்துக்கு ஜெல் வகை. மங்கு உள்ளவர்களுக்குத் தோல் நிறச் சாயம் கலந்தது விசேஷம். அதில் இருக்கும் இரும்பு ஆக்சைடு, கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் தடுக்கும், மங்கைக் கறுக்க வைப்பதில் அந்த ஒளிக்கும் பங்குண்டு. அளவு, சுட்டுவிரல் நீளத்துக்கு ஒரு கோடு, நடுவிரல் நீளத்துக்கு ஒரு கோடு. முகத்துக்கும் கழுத்துக்கும் அவ்வளவு வேண்டும். பயறளவு எடுத்துப் பூசினால் டப்பாவில் போட்டிருக்கும் எண்ணுக்கு அர்த்தம் இல்லை. வியர்த்து வழிகிற வேலை என்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மறுபடி போட வேண்டும், அது மாதச் செலவில் எவ்வளவு என்று எனக்குத் தெரியும். அதனால்தான் முதலில் சட்டையைச் சொன்னேன்.

க்ரீம்கள், நல்லதும் கெட்டதும்

புள்ளியை மங்கச் செய்யும் பொருள்கள் உண்டு. நியாசினமைடைச் சொல்லிவிட்டேன். அஸெலிக் அமிலம் பருவுக்கும் கறுப்புக்கும் சேர்த்து வேலை செய்யும், நம் நிறத்துக்கு ஒத்துப்போகும். ரெட்டினாய்டு என்னும் வைட்டமின் ஏ சார்ந்த வகை துளை அடைப்பையும் எடுக்கும், நிறத்தையும் சமன் செய்யும், சுருக்கத்துக்கும் கொஞ்சம் உதவும். ஆனால் முதல் வாரங்களில் தோல் உரியும், எரியும். அந்த எரிச்சலே கறுப்பில் முடியலாம் என்பதால் டாக்டர் சொல்லி, வாரத்துக்கு இரண்டு இரவு என்று தொடங்க வேண்டும். கர்ப்பிணிகள் தொடவே கூடாது. எதைப் போட்டாலும் இரண்டு மூன்று மாதத்துக்கு முன்னால் கண்ணாடியில் ஒன்றும் தெரியாது. அடியில் இருக்கும் செல் மேலே ஏறி உதிர இளவயதிலேயே ஏறக்குறைய நான்கு வாரம் ஆகும், வயதானால் இன்னும் கூடும்.

ஒரே வாரத்தில் வெளுத்தால்தான் பயப்பட வேண்டும். கடையில் என்னை அதிகம் வருத்துவது இந்த விஷயம். சிலர் ஒரு டியூபின் காலி உறையைக் கொண்டுவந்து "இதையே குடுங்க, பக்கத்து வீட்டு அக்கா போட்டு நல்லா கலராயிட்டாங்க" என்பார்கள். உறையைப் பார்த்தால் மோமெட்டசோன், பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால் என்று ஏதாவது ஒரு ஸ்டீராய்டு. முதல் மாதம் முகம் வெளுக்கும், எண்ணெயும் அடங்கியது போலத் தெரியும். அப்புறம் தோல் மெலிந்து நரம்பு தெரியும், பரு கிளம்பும், முடி முளைக்கும், நிறுத்தினால் முகம் சிவந்து எரியும். நிறுத்த முடியாமல் வருடக்கணக்கில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். 2018இல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று உத்தரவிட்டது. டியூபின் மேல் நெடுக்காகச் சிவப்புக் கோடு இருந்தால் அது சீட்டுக்குரிய மருந்து. ஏற்கெனவே பல மாதம் போட்டிருந்தால் சட்டென்று நிறுத்தாமல் தோல் டாக்டரைப் பாருங்கள்.

வெளிநாட்டிலிருந்து வரும் பெட்டிகளில் அத்தரோடும் பேரீச்சம்பழத்தோடும் வெளுப்பு க்ரீமும் வருவது கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டிப் பக்கமெல்லாம் வழக்கம். அன்பாகக் கொண்டுவந்தது என்பதற்காக முகத்தில் போட வேண்டியதில்லை. சில வெளுப்பு க்ரீம்களில் பாதரசம் இருக்கிறது. அது தோல் வழியாக உள்ளே போய்ச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். 2023இல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் சிலருக்கு வந்த சிறுநீரகக் கோளாறை மருத்துவர்கள் இப்படிப்பட்ட க்ரீம்களோடு தொடர்புபடுத்தினார்கள். என்ன கலந்திருக்கிறது, யார் செய்தது என்று போடாத டப்பா, தங்க நகையில் படாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லும் டப்பா, இரண்டையும் குப்பையில் போடுங்கள். பாதரசம் தங்கத்தோடு ஒட்டும் என்பது தட்டாசாரிக்குத் தெரிந்த விஷயம்.

வீட்டு வைத்தியத்தில் எலுமிச்சை ஒன்றைத்தான் கடுமையாகத் தடுப்பேன். அதன் சாறோ, பழத்தோலில் இருக்கும் எண்ணெயோ பட்ட இடத்தில் வெயில் விழுந்தால் சூட்டுக் கொப்புளம் மாதிரி வந்து, மாதக்கணக்கில் போகாத கறுப்புத் தடம் விழும். தக்காளி, உருளைக்கிழங்கு, தயிர் எல்லாம் பெரிதாக நல்லதும் செய்யாது, கெட்டதும் செய்யாது. சாப்பிட்டால் பலன் அதிகம்.

லேசர் செய்துகொள்ளலாமா என்று கேட்கிறார்கள். வெயில் புள்ளிக்குப் பலன் தரும், மங்குக்குப் பலன் தரும் என்று உறுதி சொல்ல முடியாது. நம் நிறத்தில் சூடு அதிகமானால் இன்னும் கறுக்கும், உறையவைத்து எடுக்கும் சிகிச்சையில் வெள்ளைத் தழும்பு விழலாம். கறுப்புத் தோலில் பழக்கமுள்ள தோல் டாக்டரிடம் மட்டும் போங்கள், அழகு நிலையத்தில் வேண்டாம்.

எப்போது காட்ட வேண்டும்

ஒரு புள்ளி மட்டும் மற்றவற்றோடு சேராமல் வளர்ந்தால், இரண்டு மூன்று நிறமாகத் தெரிந்தால், ஓரம் ஒழுங்கில்லாமல் போனால், ரத்தம் கசிந்தால், ஒரு மாதத்துக்கு மேல் ஆறாத புண்ணாக நின்றால் காத்திருக்காதீர்கள். நம் நிறத்தவர்களுக்குத் தோல் புற்று குறைவுதான், ஆனால் வருகிறபோது வெயில் படாத உள்ளங்காலிலும் நகத்துக்கு அடியிலும் ஒளிந்து வரும் வகை இருக்கிறது. செருப்பில்லாமல் மணலில் நடக்கிற நாம் காலில் உள்ள கறுப்பை முள் குத்திய தடம் என்று விட்டுவிடுவோம். குளிக்கும்போது உள்ளங்காலைத் திருப்பிப் பார்க்க அரை நிமிடம் ஆகாது. ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது, மதுரைக்குப் பஸ் ஏற வேண்டியதில்லை.

மதினிக்கு நான் எழுதிக் கொடுத்தது ஒரு துண்டுச் சீட்டுதான். நாரைத் தூக்கிப் போடுவது, சோப்பில்லாத ஃபேஸ்வாஷ், அண்ணனின் பழைய முழுக்கைச் சட்டை, சாயம் கலந்த சன்ஸ்கிரீன், இரவில் நியாசினமைடு. மாதம் ஒரு தடவை அதே சன்னலோரம், அதே காலை நேரத்தில் போனில் ஒரு படம் எடுத்து வைக்கச் சொன்னேன், தினமும் கண்ணாடியில் தேடினால் வித்தியாசம் தெரியாது என்று. முதல் படத்தை அன்று மாலையே அனுப்பினார். கீழே குரல் பதிவு: "ஏம்மா, ஒரு நாள்லயே போயிருச்சு போல!" பேரன் போனில் அழகூட்டும் வசதியை முடுக்கி வைத்திருந்தான். மங்கும் இல்லை, மருவும் இல்லை, மூக்கின் ஓரத்தில் பிறவியிலிருந்தே இருந்த மச்சமும் இல்லை. அதை அணைத்துவிட்டு மறுபடி எடுக்கச் சொன்னேன்.